கண்ணுக்கு மருந்து கேட்கும் முன்... கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் பாருங்கள்!

"காலையில பதினோரு மணிக்கு ஆரம்பிக்குது ஐயா. சாயங்காலம் வரைக்கும் நெத்திப்பொட்டு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எழுத்தெல்லாம் நீர்ல எழுதினாப்பல கலங்குது. இப்படியே போனா வேலைய விட்டுற வேண்டியதுதான்."

இப்படிச் சொன்ன பெண்மணிக்கு வயது முப்பத்தெட்டு. சிவகாசிப் பக்கம் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. இரண்டு மாதத்தில் இரண்டு முறை மூக்குக் கண்ணாடி மாற்றிவிட்டார். 'பவரில் பெரிய மாற்றம் இல்லை' என்று கண் டாக்டரும் சொல்லிவிட்டாராம். அதனால் கடைசியாக என்னிடம் வந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நாடி பார்த்தேன். பித்தம் மிகுந்திருந்தது. வாரம் இரண்டு நாள் எண்ணெய் முழுக்கு, தலைக்குப் பொன்னாங்கண்ணித் தைலம், இரவில் திரிபலா சூரணம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை சொர்க்கமா இருக்கு ஐயா. திங்கட்கிழமை ஆபீஸ்ல உட்கார்ந்தா பழைய குருடி கதவைத் திறடிதான்!"

அந்த ஒரு வார்த்தையை நான் முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஞாயிறன்று வராத வலி திங்கட்கிழமை வருகிறது என்றால், நோயின் வேர் உடம்பில் மட்டும் இல்லை. அவர் எட்டு மணி நேரம் எதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கேயும் இருக்கிறது. அதை விசாரிக்காமல் மருந்து எழுதியது என் தவறு.

வட்டம் முட்டையான கதை

என் மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்க அந்த அச்சகத்துக்கே போக வேண்டியிருந்தது. அப்படியே அந்தம்மாவின் மேஜையையும் எட்டிப் பார்த்தேன். அகலமான, நல்ல மானிட்டர்தான். ஆனால் எழுத்துகள் எல்லாம் குட்டையாக, தடித்து, ஓரம் பிசிறடித்துத் தெரிந்தன. திரையில் இருந்த வட்டமான முத்திரை கோழி முட்டை மாதிரி நீண்டிருந்தது!

"எப்பத்திலிருந்தும்மா இப்படி?" என்று கேட்டேன்.

"லினக்ஸ் போட்டதிலிருந்தே இப்படித்தான் ஐயா. அது அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களில் பலர் லினக்ஸ் போட்டுக்கொண்டார்கள். காசு செலவில்லை, பழைய இயந்திரமும் ஓடும். என் கிளினிக்கில் இருப்பதும் லினக்ஸ் மின்ட்தான். குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மாற்றிய பிறகு ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். திரை, தனக்கு உரிய அளவிலும் வேகத்திலும் ஓடுகிறதா என்பதுதான் அது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

அளவு என்றால் என்ன, வேகம் என்றால் என்ன?

மானிட்டர் திரை என்பது புள்ளிக் கோலம் மாதிரி. இன்றைய சாதாரண அகலத் திரையில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். இதுதான் அந்தத் திரையின் இயல்பான அளவு. இதை ரெசல்யூஷன் என்கிறார்கள்.

அந்தம்மாவின் கம்ப்யூட்டரோ 1024-க்கு 768 என்று படம் அனுப்பிக்கொண்டிருந்தது. அது எட்டு லட்சம் புள்ளிகூட இல்லை. எட்டு லட்சத்தை இருபது லட்சத்தின் மேல் இழுத்துப் போர்த்தினால் என்ன ஆகும்? ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் கலங்கும். கண்ணோ, 'இது தெளியவில்லையே' என்று உள்ளே இருக்கும் தசையை இறுக்கி இறுக்கித் தெளிவு தேடும். எவ்வளவு இறுக்கினாலும் தெளியாது, ஏனென்றால் கலக்கம் கண்ணில் இல்லை, திரையில்! எட்டு மணி நேரம் இப்படிப் போராடினால் நெற்றிப்பொட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது வேகம். திரையில் தெரியும் படம் அசையாமல் நிற்பதுபோல நமக்குத் தோன்றும். உண்மையில் அது ஒரு விநாடிக்குப் பல முறை புதிதாக வரையப்படுகிறது. 60 முறை வரைந்தால் 60 ஹெர்ட்ஸ். இதற்கு ரெஃப்ரெஷ் ரேட் என்று பெயர். ஹெர்ட்ஸ் என்பது ஜெர்மானிய விஞ்ஞானி ஹென்ரிக் ஹெர்ட்ஸின் பெயரால் வந்த அளவு.

பெட்டி மாதிரி இருந்த பழைய மானிட்டர்களில் 60 ஹெர்ட்ஸ் வைத்தால் திரை மினுமினுக்கும். அதனால் 75, 85 என்று ஏற்றி வைப்பார்கள். இன்றைய தட்டையான திரைகளில் ஒரு புள்ளி அடுத்த முறை வரையும்வரை அப்படியே நிற்கிறது. ஆகவே 60 போதுமானது. அதற்கு மேல் 75, 120, 144 கொடுக்கும் திரைகளில் அசைவு இன்னும் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் 30-க்கு இறங்கிவிட்டால், மவுஸ் அம்பு தாவித் தாவிப் போகும். நகரும் எழுத்தைக் கண் பின்தொடர முடியாமல் திணறும்.

எட்டு வகைத் தேர்வு திரைக்கும் உண்டு!

சித்த மருத்துவத்தில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு சொல்லியிருக்கிறார்கள். மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இத்தனையையும் பார்க்க வேண்டும். திரைக்கு அத்தனை வேண்டாம். நான்கு போதும். நீங்களே பார்க்கலாம்.

ஒன்று: திரையில் ஒரு வட்டத்தைப் பாருங்கள். முட்டையாகத் தெரிந்தால் அளவு தவறு.

இரண்டு: மவுஸை வேகமாக வட்டமாகச் சுற்றுங்கள். அம்பு விட்டு விட்டுத் தாவினால் வேகம் குறைவாக இருக்கலாம்.

மூன்று: வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அறையை இருட்டாக்கி, திரைக்கு முன்னால் விரல்களை விரித்து வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் தொடர்ச்சியான நிழலாகத் தெரியாமல், தனித்தனிப் பல விரல்களாகத் தெரிந்தால் திரையின் பின்விளக்கு மினுக்குகிறது என்று அர்த்தம். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது சில மானிட்டர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. சிலருக்கு இது ஒத்துக்கொள்வதில்லை.

நான்கு: மானிட்டரில் உள்ள பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் தகவல் என்ற பகுதியில் இப்போது எந்த அளவில், எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று மானிட்டரே சொல்லிவிடும்.

எப்படிச் சரிசெய்வது?

லினக்ஸில் செட்டிங்ஸ் திறந்து, அதில் டிஸ்ப்ளே என்பதற்குள் போங்கள். ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட் என்று இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் உங்கள் மானிட்டரின் இயல்பான அளவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது வரியில் 60 அல்லது அதற்கு மேல் மானிட்டர் ஏற்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அப்ளை. 'இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். திரை கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம். எதையும் தொடாமல் அரை நிமிடம் இருங்கள். பதில் வராவிட்டால் அதுவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சரியான அளவுக்கு மாற்றியதும் எழுத்து சிறிதாகத் தெரியும். 'ஐயோ, படிக்க முடியலையே' என்று பழைய அளவுக்கே திரும்பிவிடாதீர்கள். பலர் செய்யும் தப்பு இதுதான். அளவு இயல்பாகவே இருக்கட்டும், எழுத்தை மட்டும் பெரிதாக்குங்கள். லினக்ஸ் மின்டில் ஃபான்ட் செலெக்ஷன் என்ற இடத்தில் டெக்ஸ்ட் ஸ்கேலிங் இருக்கிறது. 1.0 என்பதை 1.2 அல்லது 1.3 ஆக்கினால் எழுத்து பெரிதாகும், தெளிவும் கெடாது.

பட்டியலில் சரியான அளவே இல்லையா?

அந்தம்மாவின் கம்ப்யூட்டரில் இதுதான் சிக்கல். 1920 என்ற எண்ணே பட்டியலில் இல்லை! ஏன்?

மானிட்டரைச் சொருகியதும், 'என் அளவு இது, என் வேகம் இது' என்று அது கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குத் தன் ஜாதகத்தைச் சொல்கிறது. இதற்கு எடிட் என்று பெயர். நோயாளி வாய் திறந்து சொன்னால்தானே மருத்துவனுக்குத் தெரியும்? அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால் கம்ப்யூட்டர், 'எதற்கு வம்பு' என்று 1024-க்கு 768-ஐக் கொடுத்துவிடும்.

பழைய நீல முனை விஜிஏ கேபிளில் பதினைந்து ஊசி உண்டு. இந்தச் செய்தி 12, 15-ஆம் ஊசிகள் வழியாகத்தான் போகிறது. ஊசி வளைந்தாலும், மலிவான கேபிளில் அந்தக் கம்பியே இல்லாவிட்டாலும் செய்தி போகாது. ஒன்பதாவது ஊசி மட்டும் பல கேபிள்களில் இயல்பாகவே இருக்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த அச்சகத்தில் லினக்ஸ் போட்ட அன்று கேபிளையும் மாற்றியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் ஒரு ஊசி மடங்கிக் கிடந்தது!

வேறு கேபிள் வாங்கி, இரண்டு பக்கத் திருகையும் இறுக்கி, கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டோம். பட்டியலில் 1920 வந்துவிட்டது. வேகம் 60. விஜிஏ கேபிளில் எழுத்து லேசாக நடுங்கினால் மானிட்டரில் உள்ள ஆட்டோ பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தினோம். முட்டை வட்டமாகிவிட்டது! கணினியிலும் மானிட்டரிலும் எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால், விஜிஏவை விட்டு அதற்கு மாறுவதே நல்லது.

கேபிள் நன்றாக இருந்தும் ஒரே ஓர் அளவுதான் காட்டுகிறதா? அப்படியானால் படம் காட்டும் டிரைவரில் கோளாறு இருக்கலாம். லினக்ஸ் நிறுவும்போது திரை வராவிட்டால் மெக்கானிக்குகள் 'நோமோடிசெட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து நிறுவுவது உண்டு. அவசரத்துக்கு அது சரி. அதை எடுக்காமலே விட்டுவிட்டால் திரை கட்டுப்போட்ட கால் மாதிரி முடங்கிக் கிடக்கும். 'அந்தச் சொல்லை எடுத்துட்டு, சரியான டிரைவரைப் போடுப்பா' என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். மின்டில் டிரைவர் மேனேஜர் என்ற பகுதியிலும் பார்க்கலாம்.

கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்களுக்கு

டெர்மினலைத் திறந்து எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை, சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். எந்த இணைப்பில் மானிட்டர் இருக்கிறது, எந்தெந்த அளவு, எத்தனை ஹெர்ட்ஸ் என்று முழுப் பட்டியலும் வரும். நட்சத்திரக் குறி போட்டது இப்போது ஓடுவது. கூட்டல் குறி போட்டது மானிட்டர் விரும்புவது. இரண்டு குறியும் ஒரே எண்ணில் இருந்தால் நல்லது. வெவ்வேறு எண்ணில் இருந்தால், அந்த மாற்றத்தை வேண்டுமென்றே செய்தீர்களா என்று யோசியுங்கள்.

மாற்ற வேண்டுமானால் அதே சொல்லுக்குப் பிறகு இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு 'அவுட்புட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் இணைப்பின் பெயரையும் அடிக்க வேண்டும். அதேபோல இரண்டு கோடு போட்டு 'மோட்' என்று எழுதி அளவு, இரண்டு கோடு போட்டு 'ரேட்' என்று எழுதி வேகம். இப்படிச் செய்தது கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டால் போய்விடும். அதுவே ஒரு பாதுகாப்பு. திரை கறுத்தாலும் மறுபடி போட்டால் பழையபடி வந்துவிடும்.

இந்தக் கட்டளை எக்ஸ்11 என்ற முறையில் ஓடும் லினக்ஸுக்குத்தான். வேலண்ட் என்ற புது முறையில் ஓடினால் இதால் மாற்ற முடியாது. செட்டிங்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். மானிட்டர் தாங்காத வேகத்தை வலிந்து கொடுக்கவும் கூடாது. புதுத் திரைகள் 'எல்லைக்கு மேல்' என்று சொல்லி மறுத்துவிடும். பழைய பெட்டி மானிட்டர் கெட்டே போகலாம். மருந்தானாலும் அளவு மீறினால் நஞ்சுதானே?

டி.வி.யை மானிட்டராக்கிய மாணவர்

இன்னொரு நோயாளி கல்லூரி மாணவர். வீட்டிலிருந்த பெரிய 4கே டி.வி.யை லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு மானிட்டர் ஆக்கிக்கொண்டார். "தலை கிறுகிறுன்னு வருது டாக்டர்" என்றார். இந்த முறை நான் ஏமாறவில்லை! "டி.வி. எத்தனை ஹெர்ட்ஸ்ல ஓடுதுன்னு முதல்ல பார்த்துட்டு வா தம்பி" என்று அனுப்பினேன். 30 என்று வந்து சொன்னார்.

காரணம் எளிது. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முறையில் 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் போகும். 2013-இல் வந்த 2.0 முறையில்தான் 60 போகும். கம்ப்யூட்டர், கேபிள், டி.வி.யின் துளை மூன்றில் ஒன்று பழசானாலும் 30-தான். சில டி.வி.க்களில் அந்தத் துளைக்கான அமைப்பைத் தனியாகத் திறந்துவிடவும் வேண்டும். அவர் கம்ப்யூட்டர் பழசு. அதனால் அளவை 1920-க்கு 1080 ஆக்கி, வேகத்தை 60 ஆக்கச் சொன்னேன். டி.வி.யிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரவும் சொன்னேன். எழுத்தின் கூர்மை சற்றுக் குறைந்தது, தலைக் கிறுகிறுப்பு நின்றது. செலவு ஒரு பைசா இல்லை.

எல்லாப் பழியும் திரைக்கு அல்ல!

இதைப் படித்துவிட்டு எல்லாக் கண்வலிக்கும் மானிட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐம்பது வயது தாண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். "மானிட்டர்தான் டாக்டர் கண்ணைக் கெடுக்குது" என்றார். விசாரித்தேன். திரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறதாம். ஒரு கண் சிவந்து கடுமையாக வலித்தது, வாந்தியும் வந்தது. மருந்து எதுவும் கொடுக்காமல், அந்த இரவே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண் நீர் அழுத்தம் உச்சத்தில் இருந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால்கூடப் பார்வை போயிருக்கலாம்.

ஆகவே திடீரென்று பார்வை மங்கினாலும், கண்ணில் மின்னல் வெட்டினாலும், கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலும், திரை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைந்தாலும் செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே கண் மருத்துவர். சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒருமுறையாவது விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

திரை சரியான பிறகு...

திரையைச் சரிசெய்த பிறகுதான் உடம்புக்குச் செய்வது பலிக்கும்.

திரை ஒரு கை நீள தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் ஓரம் கண் மட்டத்திலோ, சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும், முன்னாலோ பின்னாலோ வேண்டாம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை இருபது விநாடி பாருங்கள். தெருவில் வேப்பமரம் இருந்தால் ரொம்ப நல்லது! திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் கண் உலர்ந்து எரிகிறது. நினைவு வைத்து இமையுங்கள்.

எண்ணெய் முழுக்கை விடாதீர்கள். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது பழைய வழக்கம். அன்று பகல் தூக்கம் ஆகாது. பொன்னாங்கண்ணிக் கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு வாரம் இரண்டு நாள் சாப்பிடுங்கள்.

ஆனால் ஒன்று. விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், இலைச்சாறு என்று யார் சொன்னாலும் கண்ணுக்குள் விடாதீர்கள். கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும். இதைச் சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்.

அந்தம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? கேபிள் மாற்றிப் பத்து நாளில் நெற்றிப்பொட்டு வலி அடங்கிவிட்டது. வேலையை விடவில்லை. போன வாரம் மகனுக்கு இருமல் என்று வந்தவர், போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க சூரணத்தைவிட அந்த கேபிள்தான் ஐயா நல்லாக் கேட்டுச்சு!"

எனக்குக் கோபம் வரவில்லை. நோயாளி சொல்வதும் பாடம்தானே? நாளைக் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வேலையாக ஒரு வட்டத்தைப் பாருங்கள். அது வட்டமாகத் தெரிகிறதா?